ஓமமும் கோழிக் குடலும்



ஓமம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கைக்குழந்தை வயிற்று உப்புசத்தால் வீறிட்டு அழும்போது பாட்டி புகட்டும் ஓமத்தண்ணீரா? மாலை நேரத்துத் தட்டில் குவிந்திருக்கும் ஓமப்பொடியா? அதே ஓமத்தின் எண்ணெய் இன்று இறைச்சிக் கோழிகளின் தீவனத்தில் கலக்கப்படுகிறது என்றால் உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். ஓமம் மட்டுமன்று; இலவங்கப்பட்டை, கிராம்பு, மத்தியதரைக்கடல் நாட்டு ஆரெகானோ இலை ஆகியவற்றின் எண்ணெய்களும் அவ்வாறே சேர்க்கப்படுகின்றன. கறிக்கு முன்கூட்டியே மசாலா தடவும் ஏற்பாடு இது என்று எண்ணிவிட வேண்டாம். இதன் நோக்கம் கோழியின் குடல்.

இது கோழிப்பண்ணைக்காரரின் கவலைதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவர் எழுதித்தரும் மருந்து நாளைக்கும் வேலை செய்யுமா என்ற கேள்வியோடு இது பின்னிக் கிடக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்கக் கோழியின் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறு வாரத்தில் ஐம்பது மடங்கு

பொரித்த அன்று இறைச்சிக் கோழிக்குஞ்சின் எடை ஏறத்தாழ 40 கிராம். நல்ல பராமரிப்பில் ஐந்து அல்லது ஆறு வாரத்தில் அது 2 கிலோவை எட்டிவிடுகிறது. அதாவது ஐம்பது மடங்கு! மூன்று கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை இதே வேகத்தில் வளர்ந்தால் ஆறாம் வாரத்தில் 150 கிலோ இருக்கும். இந்த வளர்ச்சிக்கு வேண்டிய சத்து அனைத்தும் குடற்சுவர் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் உடம்புக்குள் செல்ல வேண்டும்.

ஒரு கிலோ எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் தேவைப்பட்டது என்பதைத் தீவன மாற்று விகிதம் என்பர். 2 கிலோக் கோழி 3.2 கிலோ தீவனம் தின்றிருந்தால் விகிதம் 1.6. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் ஒப்பந்த முறையில் கோழி வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். குஞ்சும் தீவனமும் நிறுவனம் தருகிறது. கொட்டகையும் உழைப்பும் வளர்ப்பவருடையவை. கூலி கணக்கிடும் நாளில் இந்த விகிதத்தையும் பார்க்கிறார்கள். 5,000 கோழி உள்ள கொட்டகையில் விகிதம் 1.60-இலிருந்து 1.65 ஆகிவிட்டால் என்ன நட்டம்? கோழி ஒன்றுக்கு 100 கிராம் தீவனம் கூடுதல். மொத்தத்தில் 500 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் பத்து மூட்டை. ஒரு கோழியும் சாகவில்லை, ஒன்றுக்கும் நோய் என்று சொல்லத்தக்க அறிகுறி இல்லை. ஆயினும் பத்து மூட்டை போயிற்று. அது எங்கே போயிற்று என்பதைக் குடலுக்குள் பார்க்கலாம்.

கொத்திய தீவனம் முதலில் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பிறகு அமிலம் சுரக்கும் இரைப்பை; அடுத்து அரைக்கும் இரைப்பை. கோழிக்குப் பல் இல்லையல்லவா? அந்த வேலையை இந்தத் தடித்த சதைப்பையே செய்கிறது. நாட்டுக்கோழியின் வயிற்றைச் சுத்தம் செய்யும்போது மணலும் சிறு கல்லும் கிடைப்பது இதற்குள்தான். அப்பால் சிறுகுடல். அதன் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால், பூந்துவாலையின் நூல் முனைகளைப் போல இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் மேற்பரப்பு முழுவதும் ஒரே ஓர் அடுக்குச் செல்கள். இச்செல்கள் உறிஞ்சிகளுக்கு இடையேயுள்ள குழிகளில் பிறந்து, சிறிது சிறிதாக மேலேறி, நுனியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணம் முழுவதும் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் முடிந்துவிடும். எந்நேரமும் பழையன கழிந்து புதியன புகுந்துகொண்டே இருக்கும்படி இறைவன் அமைத்திருக்கும் இந்த வேலைப்பாட்டை நினைக்க நினைக்க வியப்பு மிகுகிறது!

ஆனால் இதற்குச் செலவு உண்டு. குடலில் தீய கிருமிகள் பெருகி நச்சுப்பொருளை வெளியிட்டால் நுனியில் செல்கள் விரைவாக உதிர்கின்றன. உறிஞ்சி குட்டையாகிறது. இழப்பை ஈடுசெய்யக் குழி ஆழமாகி, மும்முரமாகப் புதுச்செல்களை உற்பத்தி செய்கிறது. மார்புச் சதையாக வேண்டிய புரதம் குடலைப் பழுதுபார்ப்பதில் செலவாகிறது. உறிஞ்சும் பரப்பும் குறைகிறது. காணாமற்போன பத்து மூட்டை இங்கேதான் போயிற்று. ஆதலால்தான் ஆய்வாளர்கள் உறிஞ்சியின் உயரத்தைக் குழியின் ஆழத்தால் வகுத்து, அந்த எண்ணைக் குடல் நலத்தின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் குடல் அமைதியாக இருக்கிறது என்று பொருள்.

தாயைக் காணாத குஞ்சு

பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை. தாயின் பின்னால் ஓடி, அது கிளறிய மண்ணையும் அதன் எச்சத்தையும் கொத்தும் குஞ்சுக்கு நல்ல நுண்ணுயிர்கள் தானாகவே கிடைத்துவிடுகின்றன. எந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குக் கொட்டகையின் கூளத்தில் எது கிடைக்கிறதோ அதுதான் முதல் விருந்து. 1973-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு ஆய்வாளர்களான நுர்மி, ரண்டாலா இருவரும் வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுகளுக்குப் புகட்டினர். அக்குஞ்சுகள் சால்மொனெல்லா கிருமியை எதிர்த்து நின்றன. குடலில் நல்ல குடியானவர்கள் முன்பே இடம் பிடித்துவிட்டால் திருடனுக்குத் தங்க இடமில்லை என்பதே இதன் உட்பொருள்.

அத்திருடர்களில் முக்கியமானவன் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் பாக்டீரியா. இது ஆரோக்கியமான கோழியின் குடலிலும் சிறிதளவு இருக்கும். அடக்க ஒடுக்கமாக இருக்கும்வரை தொல்லையில்லை. ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடற்சுவரைத் துளைத்துப் புண்ணாக்கும்போது (பண்ணைகளில் இரத்தக் கழிச்சல் என்று சொல்லப்படும் நோயை உண்டாக்குவது இதுவே) கசியும் புரதத்தை உண்டு இந்தப் பாக்டீரியா பல்கிப் பெருகுகிறது. விளைவு, குடற்சுவர் அழுகும் நோய். இதனை 1961-இல் இங்கிலாந்தில் பாரிஷ் என்பவர் முதன்முதலாக விவரித்தார். கடுமையாக வந்தால் கோழிகள் திடீரென மடியும். மெல்லியதாக வந்தால் யாருக்கும் தெரியாது. எச்சம் சற்று நீர்த்திருக்கும், கூளம் ஈரமாகும், விகிதம் ஏறும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பண்ணைக்காரருக்குப் பொல்லாதது. சாவு கண்ணுக்குத் தெரியும், இது தெரிவதில்லை.

ஒரு தற்செயலும் அதன் விலையும்

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் வைட்டமின் பி-12 கிடைக்கும் மலிவான பொருளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சும் கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் கணக்கை மிஞ்சி அவை வளர்ந்தன. காரணம் கழிவில் ஒட்டியிருந்த மருந்து! நோயைத் தீர்க்கத் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகமெங்கும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்க்கும் வழக்கம் பரவிற்று.

மருந்து ஏன் வளர்ச்சியைக் கூட்டியது? இதற்கு மிக அழகான விடை தந்தவர் ஒரு பெண் விஞ்ஞானி என்பதை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இங்கிலாந்தின் ரெடிங் நகரையடுத்த ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மேரி கோட்ஸ் என்பவரும் உடனுழைத்தவர்களும் கிருமியே இல்லாத அடைப்புக்குள் குஞ்சுகளை வளர்த்தனர். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கொட்டகையிலும் வளர்த்தனர். இரு இடத்திலும் சிலவற்றுக்குப் பெனிசிலின் கலந்த தீவனம், சிலவற்றுக்குக் கலக்காத தீவனம். 1963-இல் வெளியான முடிவு இது: சாதாரணக் கொட்டகையில் பெனிசிலின் வளர்ச்சியைக் கூட்டிற்று, கிருமியற்ற அடைப்பில் அது ஒரு பயனும் தரவில்லை. மருந்து கோழியை நேராக வளர்க்கவில்லை. கோழியை அழுத்திக்கொண்டிருந்த கிருமிச் சுமையைத்தான் இறக்கி வைத்தது. மாணவியரே, இந்த ஒரு சோதனையை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எண்ணெய்களைப் பற்றிய குழப்பம் பலவற்றுக்கு இதுவே திறவுகோல்.

விலை என்ன? குறைந்த அளவு மருந்தை நாள்தோறும் சந்திக்கும் பாக்டீரியாக்களுள் அதைத் தாங்கவல்லவை மட்டும் தப்பிப் பெருகும். தாங்கும் திறனுக்குரிய மரபணுவை அவை பிற பாக்டீரியாக்களுக்கும் கொடுத்துவிடும். இவ்வாபத்தை 1969-இல் இங்கிலாந்தின் ஸ்வான் குழு எடுத்துரைத்தது. சுவீடன் 1986-இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் சேர்ப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 சனவரி முதல் நாளில் தடை முழுமை பெற்றது. கோலிஸ்டின் என்ற மருந்து, வேறெதற்கும் அடங்காத கிருமிகள் தாக்கிய நோயாளிக்கு மருத்துவமனைகளில் கடைசியாகக் கையிலெடுக்கப்படுவது. அதைத் தாங்கும் மரபணு பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுவதை 2015-இல் சீன விஞ்ஞானிகள் அறிவித்தனர். பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது காணப்பட்டது. நம் இந்திய அரசு 2019-இல் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

மருந்தை எடுத்துவிட்டால் அவ்விடத்தில் வைப்பது எது? இந்தக் கேள்விதான் விஞ்ஞானிகளை ஓமப் பானையைத் திறக்க வைத்தது.

இரண்டு வகை எண்ணெய்

எண்ணெய் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். வெள்ளைத்தாளில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டும், அதனருகே ஓம எண்ணெய் ஒரு சொட்டும் விட்டு வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதலாவதின் கறை அப்படியே இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் பறந்துபோயிருக்கும். முன்னது நிலையான எண்ணெய், பின்னது ஆவியாகும் எண்ணெய்.

தவிட்டெண்ணெய், சோயா எண்ணெய், பாமாயில் போன்ற நிலையான எண்ணெய்கள் தீவனத்தில் ஆற்றலுக்காகவே சேர்க்கப்படுகின்றன. முதல் வாரத்துக் குஞ்சுக்குப் பித்தநீர் போதிய அளவு சுரப்பதில்லையாதலால் கொழுப்பு சரியாகச் செரிக்காது. அவ்வயதில் பாமாயிலைவிடச் சோயா எண்ணெய் எளிதில் செரிக்கும். இவ்வகையில் தேங்காயெண்ணெய் ஒரு தனி ரகம். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம்; இந்த அமிலம் கிளாஸ்டிரிடியத்தை அடக்கவல்லது என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. தேங்காயெண்ணெயைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையே எழுதலாம். இங்கே ஆவியாகும் எண்ணெய்களுக்குத் திரும்புவோம்.

ஓம விதையில் இவ்வெண்ணெய் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு இருக்கும். அதில் ஏறத்தாழப் பாதி தைமால் என்னும் பொருள். தூய தைமால் நெடியுள்ள வெண்ணிறப் படிகம். 1719-இல் ஜெர்மானியரான காஸ்பர் நோய்மன் இதனைத் தைம் என்னும் செடியின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். முதல் உலகப்போருக்கு முன் நம் நாட்டு ஓமம் கப்பல் கப்பலாக ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக மாறியது; கொக்கிப்புழுவை வயிற்றிலிருந்து வெளியேற்ற அக்காலத்தில் அது பெரிதும் வேண்டப்பட்ட மருந்து. ஆக, குடலுக்கும் ஓமத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று.

ஆரெகானோவில் மிகுந்திருப்பது கார்வக்ரால். நம் வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியின் மணத்துக்கும் பெரும்பாலும் இதுவும் தைமாலுமே காரணம். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள். ஹைட்ராக்சில் தொகுதி வளையத்தில் இருக்கும் இடம் மட்டும் வேறு. வேதியியல் வகுப்பில் மாற்றியங்கள் என்று படிக்கிறீர்களே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கிராம்பில் யூஜெனால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு.

இவை பாக்டீரியாவை எப்படித் தாக்குகின்றன? பாக்டீரியாவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது. நீரில் எளிதில் கரையாத தைமால் கொழுப்பைக் கண்டதும் அதனுள் புகுந்துகொள்கிறது. சவ்வின் நெருக்கமான அடுக்கு நெகிழ்கிறது. உள்ளே சேர்த்து வைத்திருந்த பொட்டாசியம் அயனிகள் கசிகின்றன. ஆற்றலின் நாணயமாகிய ஏ.டி.பி. குறைகிறது, செல் செயலிழக்கிறது. மண்பானையில் விரிசல் விட்டாற்போல என்று சொல்லலாம்.

கிராம் சாயமேற்றிப் பாக்டீரியாக்களை இரு பிரிவாக்குவதை அறிவீர்கள். ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்ளும் கிராம்-பாசிட்டிவ் வகையைச் சேர்ந்தது கிளாஸ்டிரிடியம். சால்மொனெல்லா, ஈ-கோலை ஆகியவை கிராம்-நெகட்டிவ் வகை. அவற்றுக்கு வெளியே மேலும் ஓர் உறை இருப்பதால் எண்ணெய் உட்புகுவது கடினம். எனவே இவ்வெண்ணெய்கள் முன்னதைத் தாக்கும் அளவுக்குப் பின்னதைத் தாக்குவதில்லை. அப்படியானால் நமக்கு நண்பர்களான லாக்டோபேசில்லஸ் இனங்களும் கிராம்-பாசிட்டிவ்தானே, அவை என்னாகும் என்று உங்களில் ஒருத்தி கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். பல சோதனைகளில் அவை இவ்வெண்ணெய்களை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. அளவு மிகுந்தால் அவையும் தப்புவதில்லை.

கண்ணாடித் தட்டும் கோழிக் கொட்டகையும்

ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் கிருமி சாவது வேறு; கொட்டகையில் கோழி தேறுவது வேறு.

2003-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெட்டைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தைமாலும் சின்னமால்டிஹைடும் தீவனக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் கொடுத்துப் பார்த்தனர். எடை கூடவில்லை; தீவன விகிதமும் மாறவில்லை. எண்ணெய் தோற்றுவிட்டதா? மேரி கோட்ஸின் சோதனையை நினைத்துப் பாருங்கள். சுத்தமான கூண்டு, எளிதில் செரிக்கும் நல்ல தீவனம், நோயில்லாத குஞ்சு. இறக்கி வைக்கச் சுமையே இல்லாத இடத்தில் எண்ணெய்க்கு என்ன வேலை?

அதே குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட வேறொரு சோதனை இன்னும் சுவையானது. தைமாலின் இரட்டைப் பிறவியான கார்வக்ராலைக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது கோழிகளின் எடை குறைந்துவிட்டது! தீனியையும் குறைவாகவே உண்டன. ஆயினும் உண்டதைச் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்தின. தைமால் கொடுத்த கோழிகளிடம் இம்மாறுதல் இல்லை. ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இடம் மாறியதற்கு இத்தனை வேறுபாடு. ‘இயற்கையானது, ஆதலால் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது’ என்று விற்பனைத் தாள்களில் அச்சிடப்படும் வாசகத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோழிகளின் நினைவு வருகிறது. எட்டிக்கொட்டையும் இயற்கையானதுதான்.

இனி மறுபக்கம். 2004-இல் வியன்னா நகரத்து ஆய்வாளர்கள் உண்மையான வணிகப் பண்ணைகளிலேயே சோதித்தனர். அவர்கள் கலவையில் தைமாலும் யூஜெனாலும் இருந்தன. கூடவே மஞ்சளிலுள்ள குர்குமினும் மிளகிலுள்ள பைப்பரினும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியே ஆஸ்திரியாவுக்குப் போயிருந்தது எனலாம். கோழிகளின் குடலிலும் எச்சத்திலும் கிளாஸ்டிரிடியத்தின் எண்ணிக்கை குறைந்தது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கூளத்தில் நடமாடும் இடத்தில் சுமை உண்டு. ஆகவே எண்ணெய்க்கும் வேலை உண்டு.

ஆக, ‘எண்ணெய் பலன் தருமா?’ என்று பொதுப்படக் கேட்பது பயனற்றது. எந்தக் கொட்டகையில், எந்தக் கிருமிக்கு, எந்த அளவில் என்று கேட்டால்தான் விடை உண்டு. உறிஞ்சிகள் உயர்ந்தன என்று சொல்லும் ஆய்வுகளும் மாறுதல் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. அவை வேறு வேறு கொட்டகைகளைப் பற்றிப் பேசுகின்றன.

வழியில் உள்ள தடைகள்

முதல் தடை, எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமை. கிளாஸ்டிரிடியம் சிறுகுடலின் நடுப்பகுதியிலும் அதற்கப்பாலும் தொல்லை தருகிறது. வெறுமனே கலந்த எண்ணெயின் பெரும்பகுதியோ உணவுப்பாதையின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இதற்காக எண்ணெயைக் கெட்டியான கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்துச் சிறு மணிகளாக்குகிறார்கள். சிறுகுடலில் லைப்பேஸ் நொதி பூச்சைச் செரிக்கும்போது உள்ளிருப்பது சிறிது சிறிதாக வெளிவரும். கிழவியின் சுருக்குப்பை அவிழ்வதுபோல!

அடுத்தது வெப்பம். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தில் நீராவி பாய்ச்சி அழுத்துவார்கள். பூச்சில்லாத எண்ணெயில் ஒரு பகுதி அப்போதே காற்றோடு போய்விடும். ஆலைக்குள் மணம் கமகமவென்று வீசினால் மகிழ்வதற்கில்லை, கோழிக்குச் சேர வேண்டியது அது.

பயிர் தரும் சிக்கலும் உண்டு. மழை, மண், அறுவடைக் காலம், ரகம் ஆகியவற்றுக்கேற்ப ஓமத்தின் தைமால் அளவு மாறும். போன மூட்டையில் பாதியாக இருந்தது இந்த மூட்டையில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். மருந்துக்கடை மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் தீவனத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் தைமால் வேண்டுமானால் 100 கிராம் தேவை. எண்ணெயில் பாதி தைமால் என்று கொண்டால் 200 கிராம் எண்ணெய். விதையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு எண்ணெய் என்று கொண்டால் 8 கிலோ ஓமம். அதாவது கிலோத் தீவனத்துக்கு 8 கிராம். ஒரு கோழி தன் வாழ்நாளில் 3.2 கிலோ தீவனம் தின்றால் அதன் வயிற்றுக்குள் போகும் தைமால் 320 மில்லிகிராம். கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

டென்மார்க் நாட்டுக் கோழி வளர்ப்போர் 1998-இல், சட்டம் வரும் முன்பே, வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கைத் தாமாகவே நிறுத்தினர். அவர்களுடைய தீவன விகிதம் மிகச் சிறிதளவே ஏறிற்று. ஒட்டுண்ணித் தடுப்பு மருந்தை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றோட்டம், உலர்ந்த கூளம், ஒரு தொகுதிக் கோழி போனபின் கொட்டகையைக் கழுவி ஆறப்போடுதல், சுத்தமான தண்ணீர் ஆகியவை சுமையைக் குறைக்கும். மீந்த சுமைக்கு எண்ணெய் கைகொடுக்கும். நம்மூரில் தென்னை நார்க்கழிவையோ உமியையோ பரப்பிய கூளம் ஐப்பசி மழையில் ஈரமாகிக் கட்டிதட்டிப் போகும் கொட்டகையில், கூளத்தைக் கிளறிவிடாமல் எண்ணெய்க்குப் பணம் செலவழிப்பது வீண்.

நீங்களே செய்து பார்க்க

வீட்டில் கோழி வளர்க்கும் மாணவியர் விடுமுறையில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே நாளில் பொரித்த இருபது குஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவற்றையெல்லாம் ஒரு பக்கம் தேர்ந்தெடுத்துவிடாமல், சீட்டுக் குலுக்கி, பத்துப் பத்தாக இரு கூண்டுகளில் விடுங்கள். ஒன்றுக்கு வழக்கமான தீவனம்; மற்றதற்கு அதே தீவனத்தில் கிலோவுக்கு 8 கிராம் வீதம் அன்றாடம் இடித்த ஓமத்தூள். இடித்து டப்பாவில் போட்டு வைத்தால் எண்ணெய் பறந்துவிடும். கூண்டின் அளவு, வெளிச்சம், கூளம், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். போட்ட தீவனம், மிஞ்சிய தீவனம் இரண்டையும் நாள்தோறும் எடைபோட்டுக் குறியுங்கள். ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்து வந்ததும், தீனி வைக்கும் முன்பாக, ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். எச்சம் கெட்டியா நீர்த்ததா, கூளம் உலர்ந்ததா ஈரமா என்று ஒரு பத்தியில் குறித்து வாருங்கள். இடையில் குஞ்சு இறந்தால் அதன் எடையையும் தேதியையும் விட்டுவிடக் கூடாது.

ஆறு வாரம் கழித்து இரு கூண்டுக்கும் விகிதம் கணக்கிடுங்கள். சராசரி எடையில் 50 கிராம் வேறுபாடு கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம்; ஒரே கூண்டுக்குள்ளேயே மிகப் பெரிய கோழிக்கும் மிகச் சிறிய கோழிக்கும் அதைவிடப் பன்மடங்கு வேறுபாடு இருக்கும் என்பதை உங்கள் குறிப்பேடே காட்டும். பத்துக் கோழியில் அது தற்செயலாகவும் நேரலாம். நான்கைந்து மாணவியர் தத்தம் வீட்டில் இதே முறையில் செய்து குறிப்பேடுகளை விலங்கியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிடலாம். யார் வீட்டுக் கூளம் ஈரமாக இருந்தது, யார் வீட்டில் உலர்ந்திருந்தது என்பதையும் அப்போது மறவாமல் சொல்லுங்கள்.